சிரிக்க அனுமதி

சிரிப்பதற்கும் இப்போது மேலதிகாரி வந்துவிட்டார். தச்சநல்லூரிலிருந்து டவுண் போகும் பஸ்ஸில், முன் சீட்டு இளைஞன் நண்பனிடம் சொன்னான்:

"இன்டர்நெட்ல நம்ம ஊர்க்காரங்க பேசுத குழுவுலேர்ந்து என்னையத் தூக்கிட்டாங்கலே."

"என்னலே செஞ்ச?"

"குழுவ நடத்துத அண்ணாச்சி நீளமா ஒரு கவிதை போட்டாரு. 'நல்லாருக்கு அண்ணாச்சி, எப்ப முடியும்?'னு கேட்டேன்."

"இதுக்கா?"

"நகைச்சுவைன்னா முதல்ல அவருக்கு அனுப்பணுமாம். அவரு சிரிச்சாத்தான் மத்தவங்களுக்குக் காட்டுவாராம்."

"சிரிப்பாரா?"

"இதுவரைக்கும் இல்ல."

"போனாப் போகுது, விடுலே."

"எப்படி விட? ஞாயித்துக்கிழமை அவரு தங்கச்சியத்தாம்லே பொண்ணு பாக்கப் போறோம்."

"எழுதுனது நீதான்னு தெரியுமா?"

"சொந்தப் பேர்லதாம்லே எழுதுனேன்."

நண்பன் யோசித்தான்.

"அங்கன வாயத் தொறக்காத. அவரு கவிதை வாசிச்சாருன்னா, பைய அழுதுரு."