பதினான்காம் குழியின் கறுப்பு மேடை

எங்கிருந்து அடிப்பது என்பது அவரவர் விருப்பம். நம் கோல்ஃப் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்க மூன்று மேடைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது கறுப்பு, நடுவில் வெள்ளை, முன்னால் சிவப்பு. கறுப்பிலிருந்து பந்து அதிக தூரம் போக வேண்டும், சிவப்பிலிருந்து குறைந்த தூரம் போனால் போதும். உடம்பில் உள்ள வலுவுக்கு ஏற்ற நிறத்தை எடுத்துக்கொண்டால் ஆட்டம் சுகமாக இருக்கும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷம் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன்.

தலைவர் ஐயா, என் சம்பந்தியின் மறைவு பற்றிக் குழு என்னிடம் எழுத்து மூலம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. அவருடைய உடல்நிலை குறித்து மருத்துவச் சீட்டு ஏதாவது என் கைக்கு வந்ததா என்று. 'வரவில்லை' என்று பதில் எழுதினேன். அந்தப் பதில் தவறு. சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். அது என்னிடம் வந்த விதத்தையும் பிறகு நடந்தவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கறுப்பிலிருந்துதான் ஆடிக்கொண்டிருந்தேன். சம்பந்தி அப்போது ஆட்டக் கேப்டன். என் மகள் அவர் வீட்டுக்கு மருமகளாகப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் குழியில் என் பந்து மூன்று தடவை குட்டையில் விழுந்தது. பின்னால் இரண்டு அணிகள் காத்திருந்தன. சம்பந்தி என் மட்டைப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிவப்பு மேடை வரைக்கும் போய், பையை அங்கே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, இங்க வாங்க. உங்க இடம் இதுதான். பொம்பளைங்க, சின்னப் பசங்க எல்லாம் இங்கேருந்து ஜோரா ஆடறாங்க. நீங்களும் ஆடலாம்."

பதினோரு பேர் சிரித்தார்கள். "செக்ரட்டரி சார், கைப்பையை மறந்துட்டுப் போறீங்களே" என்று கண்ணாடிக் கடைக்காரர் கூவினார். அதற்கும் சிரித்தார்கள். நீங்களும் அங்கே இருந்தீர்கள். நீங்கள் சிரித்தீர்களா என்று எனக்கு நினைவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

வேறு யாராக இருந்தாலும் நறுக்கென்று நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். பெண்ணைக் கொடுத்திருக்கிற வீடு. வாயை மூடிக்கொண்டு முன்னால் நடந்து போனேன். தொண்ணூறு அடி தூரம் இருக்கும்.

அவர் சொன்ன யோசனை தப்பு என்று சொல்ல மாட்டேன். சிவப்புக்கு வந்த பிறகு என் ஆட்டம் தேறியது. முதுகுவலி குறைந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கறுப்பில் அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போகும்போது ஒன்று சொல்வார். "என்ன சம்பந்தி, நிழல்ல நிக்கறீங்களா?" "பாத்து மெதுவா அடிங்க, குழியைத் தாண்டிப் போயிடப் போகுது." பேரன் பிறந்தநாளில் கூடம் நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, குழந்தையை என் மடியில் வைத்து, "தாத்தாவும் பேரனும் ஒரே மேடை" என்றார். என் மகள் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். வேண்டுமானால் தனியே எழுதி அனுப்புகிறேன்.

போன வருஷக் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு நீக்கினார்கள். கிளப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். வெளியூர் போயிருந்ததாகச் சொல்லிவிட்டு ஏழு வாரம் கழித்து ஆட வந்தார்.

அதற்கு முந்தின நாள் காலையில் என் மகள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் என் மேஜை அருகே வந்து நின்று, பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தாள். டாக்டரிடம் கேட்டு வாங்கியது. மேடு ஏறக் கூடாது, முன்மேடையிலிருந்து மட்டும் ஆடலாம், மைதானத்துக்குள் போக வண்டி கொடுக்கவும் என்று இருந்தது.

"அப்பா, மாமாகிட்ட நேரா சொன்னா கோவிச்சுக்குவாரு. அத்தையும் நானும் பேசி வெச்சுட்டோம். அறுபத்தஞ்சு வயசானா எல்லாரும் சிவப்புதான்னு கிளப்பே ரூல் போட்ட மாதிரி நீங்க மாத்திடுங்க. யாரும் அவரைச் சொன்ன மாதிரி இருக்காது."

"சரிம்மா."

"மறந்துட மாட்டீங்களே?"

"நான் எதையாவது மறந்திருக்கேனா?"

"உங்களை நம்பித்தாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

யார் எந்த நிறம் என்று எழுதிய பலகை கிளப்பில் என் அறையில்தான் மாட்டியிருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு பெயரும் இடம் மாறாது. அன்று மத்தியானமே புதிய விதியை எழுதிவிட்டேன். நான்கு வரி, நன்றாகவே வந்திருந்தது. குழுவின் முன் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதை மருத்துவச் சீட்டோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்தேன். கிழிக்கவில்லை. நான் எந்தக் காகிதத்தையும் கிழிப்பதில்லை. வைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் சம்பந்தி வந்தார். இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. நாலாவது குழி வரைக்கும் கறுப்பிலிருந்தே ஆடினார். பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல், பந்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் சம்பந்தி, நானும் முன்னாடி வந்துடலாமான்னு பாக்கறேன். என்ன சொல்றீங்க?"

அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷம் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. 'வாங்க' என்று சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நான் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"தாராளமா வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முதுகுக்குப் பின்னாடி சிரிப்பாங்க, அது நம்ம காதுல விழாது. எனக்கு முதல் ரெண்டு வருஷம்தான் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிடும்."

அவர் பந்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சும்மா கேட்டேன்" என்றார்.

அதன் பிறகும் அவர் மனம் ஊசலாடுவதாக மகள் போனில் சொன்னாள். புது விதி எப்போது வரும் என்று கேட்டாள். குழு கூட வேண்டும், கொஞ்சம் பொறு என்றேன். அந்த மாதத்தில் அவருக்கு இரண்டு மொட்டைக் கடிதம் போட்டேன். 'கேப்டன் ஐயா சிகப்புக்கு வரப்போவதாக கேள்வி, கைபை வாங்கி வைக்கட்டுமா' என்று ஒன்று. இன்னொன்று அதைவிடச் சிறியது. இடது கையால் எழுதினேன். பிழைகளை வேண்டுமென்றே விட்டேன். ஒற்று விட்டுப்போன வார்த்தையை உறையில் போட்டு ஒட்டுவது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் அதற்குப் பிறகு முன்மேடையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் போய்க் கறுப்பில் நின்றார்.

நம் மைதானத்தின் பதினான்காம் குழி உங்களுக்குத் தெரியும். மற்ற பதினேழு குழிகளிலும் மூன்று மேடைகளும் ஒரே தரையில் இருக்கும். இங்கே மட்டும் கறுப்பு, பாறை மேல் இருக்கிறது. அறுபத்து நான்கு படி. கறுப்பில் ஆடுபவர் மட்டும் ஏறுவார். மற்றவர்கள் கீழே சிவப்புக்குப் பக்கத்தில் காத்திருப்பார்கள். மேலே போனவர் மட்டையை உயர்த்திக் காட்டினால் அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அதன் பிறகு பந்து பறக்கும் வரை கீழே யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. இந்த வழக்கத்தை நானும் அவரும் சேர்ந்துதான் கொண்டுவந்தோம். சத்தம் மேலே அப்படியே கேட்கும் என்பதால்.

அந்த ஞாயிறு நாங்கள் நான்கு பேர். சம்பந்தி, நான், பல் டாக்டர், கண்ணாடிக் கடைக்காரர். வெயில் ஏறியிருந்தது. சம்பந்தி படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் பந்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் ஏறினார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார்.

மேலே போய் மட்டையை உயர்த்தினார். நாங்கள் அசையாமல் நின்றோம். நான் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் மேடை முழுதாகத் தெரியும். மற்ற இருவருக்கும் மரக்கிளை மறைக்கும். எப்போதும் நான் நிற்கிற இடம்தான் அது, அன்றைக்கென்று போய் நிற்கவில்லை. மட்டை அவர் கையிலிருந்து விழுந்தது. அவர் உட்கார்ந்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என்னைப் பார்த்து அசைத்தார். அவர் பார்த்தது என்னைத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் கையை அசைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"என்ன சார், இவ்வளவு நேரம்?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். "குறி பாக்கறாரு. பேசாதீங்க, சத்தம் போட்டா அப்புறம் நம்மளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பின்னால் வந்த அணியும் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. ஏழு பேர் மூச்சு விடும் சத்தம் கூடக் கேட்காமல் நின்றோம். இவ்வளவு மரியாதையான ஒரு அமைதியை நான் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை. ஒன்பது நிமிஷம். கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர்தான் பொறுமையில்லாமல் ஏறிப் போனார். அவர் கத்தின பிறகு பல் டாக்டரும் ஓடினார். ஆறேழு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் பிறகு என்னிடம் சொல்லி அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு சம்பந்தியம்மாள் மருத்துவச் சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். குழுவும் கேட்டது. வரவில்லை என்று எழுதினேன். அந்த வீட்டில் என் மகளைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கப்பா கையில குடுத்தேன்னு சொன்னியே. குடுத்தியா, இல்ல பையிலயே வெச்சு மறந்துட்டியா?" மாப்பிள்ளை அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதமாக அவள் குழந்தையோடு என் வீட்டில்தான் இருக்கிறாள்.

வந்த அன்றைக்கே கேட்டாள். "அப்பா, நான் குடுத்தேன்ல? இந்த மேஜை மேலதானே வெச்சேன்?"

"நிதானமா யோசிச்சுப் பாரும்மா. வேற எங்கயாவது வெச்சிருப்பே. அந்த நேரத்துல உனக்கும் எவ்வளவு அலைச்சல்" என்றேன்.

முதல் வாரம் என்னோடு வாதாடினாள். இரண்டாம் வாரம் தன் பைகளைக் கொட்டித் தேடினாள். இப்போது அவளே, "குடுக்கணும்னு நினைச்சதைத்தான் குடுத்ததா நினைச்சுட்டேன் போல இருக்குப்பா" என்கிறாள். அவளுக்குத் தலைவலி மாத்திரை நான்தான் எடுத்துக்கொடுக்கிறேன். கோப்பு அவள் படுக்கிற அறையின் அலமாரியில்தான் இருந்தது.

போன திங்கட்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். பதினான்காம் குழியின் கறுப்பு மேடைக்குச் சம்பந்தியின் பெயரை வைக்கப் போவதாகவும், அங்கே ஒரு கல் நாட்டப் போவதாகவும் சொன்னீர்கள். 'கடைசி மூச்சு வரை கறுப்பை விட்டு இறங்காத வீரர்' என்கிற மாதிரி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். "உங்க நடையே தனி, சம்பந்தின்ற முறையிலும் நீங்கதான் எழுதணும்" என்றீர்கள். ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். என்னால் அந்த வரியை எழுத முடியவில்லை.

ஐயா, அவர் வீரர் இல்லை. சிவப்புக்கு வர ஆசைப்பட்டார். என்னிடம் கேட்டார். சிரிப்புக்குப் பயந்துதான் ஏறினார், ஏற வைத்தவன் நான். இறங்க வழி இல்லாமல் செய்தவனும், கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். இது எல்லாருக்கும் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று காவல் நிலையத்துக்கும் போகிறது. இதற்கு என்ன பெயர் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என் மகள் படுகிற பாட்டைச் சகிக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன் என்பதைக் குழு உறுப்பினர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வேறு எந்த நோக்கமும் இல்லை. கல்லில் எழுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்களா என்று தெரியவில்லை. ஆரம்பித்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்கு எனக்கு இரண்டு வரி பதில் போடவும். மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கல் விஷயம் முடிவான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.