பொட்டி புதுசு

— இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு மாப்ள. செவுத்தை ஒட்டி வச்சா பேஸ் குழம்பிடும்.

— மாமா, சுருக்கமா சொல்றேன். இது ஸ்பீக்கர் பொட்டி இல்ல, பீரோ. வேன்ல இதுக்கு ஒரு சீட்டு, இதுமேல வைக்கிற ஆம்ப் தலைக்குத் தனியா ஒரு சீட்டு. கூடப் பாடுற பொண்ணு பஸ்ல வருது. இறங்கி ஆட்டோ பிடிச்சு, மண்டபம் தெரியாம ரெண்டு தெரு சுத்தி, தொண்டை வறண்டு போய் வந்து நிக்கப் போகுது.

— வால்வு ஆம்ப்னா எடை இருக்கத்தான் செய்யும். எடை இருந்தாத்தான் சத்தத்துல சதை பிடிக்கும்.

— சத்தம் வந்தாத்தானே சார் சதை பிடிக்கிறதுக்கு? மிக்ஸர்ல உங்க பேஸ் கிடார் இன்னும் வரல. எலும்புகூட வரல.

— கேபிளைப் பாருங்க சவுண்டு அண்ணே.

— கேபிள் நேத்துதான் வாங்கினதுன்னு நீங்களே சொன்னீங்க.

— ஆமா. ஆக்சிஜன் இல்லாத காப்பர்.

— ஆக்சிஜன் இல்லையா? அதான் சார் மூச்சுப் பேச்சு இல்லாம கிடக்கு.

— மாமா, சிரிக்க நேரமில்ல. கீழ நாற்காலி போட ஆரம்பிச்சிட்டாங்க. இந்த ஆபீஸ் மேனேஜர் ஃபோன்ல என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஆண்டு விழாவுல எல்லாரும் எழுந்து ஆடணும். பேஸ் இல்லாத பாட்டுக்கு ஆடினா, போற பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி இருக்கும்.

— வரும் மாப்ள. வால்வு சூடாகணும்.

— சூடாகிறதுக்குள்ள விழா ஆறிப் போயிடும். இன்னிக்கு எனக்கு உங்க பேஸ் வந்தே ஆகணும் மாமா. கீபோர்டுகாரருக்கு இடது கை வீங்கிப் போச்சு. வலது கை மட்டும்தான் வேலைக்கு வருது. டாக்டர் கேட்டாராம், இந்தக் கையில அப்படி என்ன பாரம் தூக்குறீங்கன்னு.

— அவர் இடது கைக்கும் என் பேஸுக்கும் என்ன சம்பந்தம்?

— ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மா சொன்னேன். அண்ணே, வேற கேபிள் போடுங்க.

— போட்டாச்சு தலைவரே. நம்ம பழைய கேபிள். ஆக்சிஜன் தாராளமா இருக்கு. சார், ஒரு கம்பியை மீட்டுங்க. ம்ஹும். வரல.

— கரண்ட்ல பிரச்சனை இருக்கலாம் அண்ணே. அந்தப் பொட்டியில பச்சை லைட்டு எரியுதா பாருங்க.

— எது, இந்தச் சப்பைப் பொட்டியா? இது எதுக்கு?

— கரண்ட்டை வடிகட்டித் தரும்.

— வடிகட்டினா சக்கை எங்க சார் போகுது?

— மாமா, இது எப்ப வாங்குனீங்க?

— போன மாசம். உனக்குக் காட்டினேனே.

— நீங்க காட்டுறதை எல்லாம் ஞாபகம் வச்சுக்க எனக்கு இன்னொரு தலை வேணும். போன நிகழ்ச்சியில நம்ம சொந்தக்காரங்க மேடை ஏறி வந்தாங்க. என் பாட்டைப் பத்தி ஏதோ சொல்ல வர்றாங்கன்னு நான் கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறேன். என்னைத் தாண்டிப் போய் இந்த பீரோவைச் சுத்தி நின்னு விசாரிச்சாங்க. உள்ள என்ன எரியுது, எப்படித் தூக்குறீங்க, மழையில நனையலாமான்னு. சித்தப்பா அதைத் தடவிக் குடுத்துட்டுப் போனாரு. மாட்டைத் தடவுற மாதிரி.

— நல்லாத்தான் விசாரிச்சாங்க.

— தப்பா நினைக்காதீங்க, ரெண்டு பேரும் குடும்ப விஷயத்தை வேன்ல பேசிக்கோங்க. சார், காலடியில கடை விரிச்சு வச்சிருக்கீங்களே, அந்தப் பெடல் ஏதாவது மக்கர் பண்ணுதா?

— வரிசையாப் பாருங்க அண்ணே. முதல்ல இருக்கிறது, சத்தம் ஏறினா இறக்கும், இறங்கினா ஏத்தும்.

— அந்த வேலைக்குத்தானே சார் நான் வந்திருக்கேன்?

— அடுத்தது, வாசிக்கிற சுரத்துக்குக் கீழ இன்னொரு சுரம் சேர்க்கும்.

— அதுக்கும் கீழ போனா தண்ணி வந்திடும் சார்.

— மூணாவது, சத்தத்துக்குக் கதகதப்பு குடுக்கும்.

— மாமா, போதும். சுருக்கமா சொல்றேன். கதகதப்பு, வடிகட்டி, பீரோ, எல்லாத்தையும் கழட்டுங்க. கிடார்லேர்ந்து நேரா மிக்ஸர். வந்தா வாசிங்க. வரலேன்னா பக்கத்துத் தெருவுல ஒருத்தர் இருக்காரு. பேஸ் வாசிக்கிறவரு. கூப்பிட்டா சொந்தக் கிடாரோட வந்திடுவாரு.

— பேசிட்டியா?

— பேசி வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க. இந்த ஆபீஸ் நம்மளைக் கைவிட்டா, அவங்க சொல்லி வர்ற எல்லா ஆபீஸும் கைவிடும். அப்புறம் நான் குளியலறையில பாட வேண்டியதுதான்.

— இன்னிக்கு மட்டுமா, இனிமே எப்பவுமா?

— அதை அப்புறம் பேசலாம் மாமா.

— எப்பவும்தான். சரி.

— கழட்டியாச்சு சார். இப்ப கிடார், கேபிள், மிக்ஸர். வேற ஆளே இல்ல. மீட்டுங்க.

— மீட்டிட்டேன்.

— வரல.

— மிக்ஸர்ல கோளாறு அண்ணே. என் கிடாருக்கான சேனலைப் பாருங்க.

— சேனல் சரியாத்தான் இருக்கு சார்.

— அதுமேல ஏன் கறுப்பு டேப் ஒட்டியிருந்துச்சு?

— எங்க சார்?

— ஆரம்பத்துலயே உரிச்சு உள்ளங்கையில ஒட்டிக்கிட்டீங்களே, அது.

— இதா? இது தூசிக்கு.

— மத்த சேனலுக்கெல்லாம் தூசி வராதா?

— தலைவரே, நீங்களே சொல்லிடுங்க. எனக்குப் பொய் சொன்னா ஏப்பம் வருது.

— மாமா, சுருக்கமா சொல்றேன்.

— சொல்லு.

— அக்கா செத்து மாசம்கூட ஆகல, நமக்கு ஒரு நிகழ்ச்சி வந்துச்சு. நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. சவரம்கூடப் பண்ணாம கிடாரைத் தூக்கிட்டு வந்து நின்னீங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. மேடையில தப்பும் தவறுமா வாசிச்சா ஆளாளுக்குப் பரிதாபப்படுவாங்க. அது உங்களுக்கு ஆகாது. அதனால இந்த அண்ணன்கிட்ட, இவரு அன்னிக்குத்தான் புதுசா வந்து சேர்ந்தாரு, உங்க சேனலை மூடிடுங்கன்னு சொன்னேன். கீபோர்டுகாரர்கிட்ட, பேஸையும் நீங்களே இடது கையில போட்டுக்கோங்கன்னு சொன்னேன். அந்த ஒரு நாளைக்குத்தான் மாமா.

— அப்புறம்?

— அப்புறம் நல்லாப் போச்சு. நல்லாப் போறதுல எதுக்குக் கை வைக்கணும்னு...

— ஒரு வருஷமாவா?

— ஆமா.

— தப்பித் தவறி விரல் பட்டுடக் கூடாதுன்னு டேப் ஒட்டினது நான்தான் சார். சத்தம் வந்தா துள்ளுற லைட்டும் அதுக்கு அடியில போயிடுச்சு. அதனால இத்தனை நாள் உங்க சேனல் பக்கம் நான் பார்க்கவே இல்ல.

— ஒருத்தர் வந்து என் கையைப் பிடிச்சு, பேஸ் நெஞ்சுல இடிச்சுதுன்னு கண் கலங்கினாரே.

— அது கீபோர்டுகாரரோட இடது கை மாமா.

— ம்.

— திட்டிடுங்க. இப்படி 'ம்' போடாதீங்க.

— மேடையில என் பொட்டிச் சத்தமாவது உனக்குக் கேட்டிருக்குமே. எப்படி வாசிச்சேன்?

— நான் காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா என் குரல் மட்டும்தான் மாமா கேக்கும்.

— கழட்டினாலும் அப்படித்தான்.

— அண்ணே.

— தப்பா நினைக்காதீங்க தலைவரே. ஆனா ட்ரம்ஸ்காரர் ஒண்ணு சொன்னாரு. சார் வால்வு பொட்டி வாங்கினதுலேர்ந்துதான் மேடையில சத்தம் அளவா இருக்குதாம். இவ்வளவு பெரிய உடம்பு, இவ்வளவு அடக்கமான்னு பொட்டியைப் பாராட்டினாரு.

— அதை விடுங்க அண்ணே. டேப்பை எடுத்தாச்சு, சேனலைத் திறந்தாச்சு. இன்னும் ஏன் வரல?

— அதானே தலைவரே எனக்கும் புரியல. லைட்டு அசையவே மாட்டேங்குது. கேபிள்ல இல்ல, மிக்ஸர்ல இல்ல. மிச்சம் இருக்கிறது கிடார்தான். சார், அதைக் கொஞ்சம் குடுங்க.

— கிடார்ல ஒண்ணும் இல்ல. நீங்க பொட்டியைத் திரும்ப மாட்டுங்க.

— பொட்டி எங்கயும் ஓடிடாது சார். தூக்கவே நாலு பேர் வேணும். இந்தக் குமிழ் என்ன?

— வால்யூம்.

— அது தெரியுது. ஏன் பூஜ்யத்துல இருக்கு?

— கை பட்டிருக்கும்.

— கை பட்டு இது திரும்பாது சார். டேப் ஒட்டியிருக்கு.

— என்ன டேப் அண்ணே?

— கறுப்பு டேப் தலைவரே. நான் ஒட்டினதைவிட நேர்த்தியா ஒட்டியிருக்காரு.

— மாமா. இது எப்பலேர்ந்து?

— நீ சொன்ன அதே நிகழ்ச்சியிலேர்ந்து.

— அப்ப இவ்வளவு நாளும் நீங்க?

— விரல் மட்டும் போயிட்டு வரும்.

— உங்களை ஏமாத்துறோமேன்னு நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன் மாமா. அன்னிக்கே நீங்க என்னை ஏமாத்தியாச்சா?

— உங்க அக்கா எங்க நிப்பா?

— கடைசி வரிசைக்குப் பின்னாடி.

— அங்கேருந்து கை காட்டுவா, ஏத்து, இறக்குன்னு. அதைப் பார்த்துத்தான் சத்தம் வைப்பேன். அன்னிக்கும் பழக்கத்துல பார்த்துட்டேன். யாரும் இல்ல. எவ்வளவு வைக்கிறதுன்னு தெரியல.

— அதனால?

— அதனால வைக்கல.

— அண்ணே, அந்த டேப்பை உரிங்க.

— வேணாம் அண்ணே.

— உரிங்க. மாமா, நான் பின்னாடி போய் நிக்கிறேன். நீங்க வாசிங்க.

— பக்கத்துத் தெருக்காரர்?

— அவருக்கு வேற வேலை இருக்கும். நான் போறேன்.

— உரிச்சாச்சு சார். பிசின் விரல்ல ஒட்டும், துடைச்சுக்கோங்க. மெதுவா ஏத்துங்க. தடிச்ச கம்பியிலேர்ந்து ஆரம்பிங்க. ஆ. வருது சார். லைட்டு துள்ளுது.

— அவன் எங்க நிக்கிறான் அண்ணே? இந்த விளக்கு கண்ணைக் கூசுது.

— நாற்காலியை எல்லாம் தாண்டிட்டாரு. கையை மேல தூக்குறாரு.

— பத்தல போல. ஏத்துறேன்.

— இன்னும் தூக்குறாரு.

— இப்ப?

— இப்பக் கையை இறக்கிட்டாரு. வயித்தைத் தொட்டுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. பாவம், மத்தியானம் சாப்பிடல போல இருக்கு.

— சாப்பிட்டான் அண்ணே. பேஸ் வயித்துல வந்து விழுதுங்கிறான். அவங்க அக்கா அப்படித்தான் காட்டுவா.

— விழும் சார், எனக்கே விழுது. பொட்டி இல்ல, பெடல் இல்ல, ஓட்டைக் கேபிள். தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஒரு வருஷமா நீங்க சத்தமே வைக்கல. அப்புறம் எதுக்கு மாசா மாசம் ஒரு பொட்டி வாங்குனீங்க?

— பொட்டி புதுசா இருந்தா, வர்றவங்க பொட்டியை விசாரிச்சிட்டுப் போயிடுறாங்க அண்ணே. என்னை விசாரிக்கிறதில்ல.