முடிவு பெறாத விசாரணை

என்னிடம் கடிதம் கேட்டு வருகிறவர்கள் வாழைப்பழம் கொண்டு வருவார்கள். படிப்பித்த சேரிடம் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் கதலி சுலபமாகக் கிடைக்காத காலம் அது. வெள்ளைக்காரன் கடையில் விற்கும் நீட்டு வாழைப்பழம்தான். தோல் தடிப்பு, ருசி என்று ஒன்றும் இல்லை. நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பழைய மாணவர் சங்கச் செயலாளர் கனகலிங்கம் அவர்களுக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நீங்கள் என்னிடம் கேட்டது மூன்று வரிதான். சிவகௌரியைப் பற்றி மருத்துவக் கல்லூரிக்கு நான் எழுதியது பிழை, அதைத் திரும்பப் பெறுகிறேன், இப்படிக்கு சபாரத்தினம். அது வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் கல்லூரிக்குப் போனால் அவளுக்கு இடம் உண்டு. போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. அவளுக்கு வயது முப்பத்துமூன்று. இந்த வயதில் எடுக்கச் சம்மதித்த கல்லூரி அது ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வரியில் ஒரு மனிசனை விளங்க முடியாது.

என் அப்பு சுண்ணாம்புச் சூளையில் கல் சுமந்தவர். பத்து வயதில் இருந்து நானும் சுமந்தேன். ஒரு தரத்துக்கு நாற்பது இறாத்தல், தலையில் சாக்கை மடித்து வைத்து. உயர்தரச் சோதனை நடந்த கிழமையும் விடியற்காலையில் சூளைக்குப் போய்விட்டுத்தான் சோதனை மண்டபத்துக்குப் போனேன். மருத்துவத்துக்கு நான்கு புள்ளி காணாது, இடம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கிடைத்தது. பிறகு அதே துறையில் செய்முறை வகுப்பு எடுக்கும் வேலை. பதினைந்து வருசம், வருசத்துக்கு முப்பது பிள்ளைகள், தவளையை எப்படிக் கீறுவது என்று காட்டினேன். எனக்கு யாரிலும் கோபம் இல்லை. நான்கு புள்ளி நான்கு புள்ளிதான்.

எண்பத்தாறில் லண்டன் வந்தேன். பாண் தொழிற்சாலையில் தட்டுக் கழுவும் பகுதி. அங்கே நான் சேர் இல்லை, 'சபா'. அது பரவாயில்லை. வேலை என்றால் உடம்பு நோகத்தான் செய்யும்.

எங்களிடம் படித்த சிலர் இங்கே வந்து, பட்டம் எடுத்து ஆறேழு வருசம் கழிந்த பிறகு, மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார்கள். கல்லூரிகள் கேட்டது ஒன்றுதான்: உங்களுக்குப் படிப்பித்த ஒருவரின் சிபாரிசுக் கடிதம். விரிவுரையாளர்களில் பாதிப் பேர் கனடாவில், மீதிப் பேர் எங்கே என்று தெரியாது. துறையின் பதிவேடுகள் சண்டையில் போய்விட்டன. லண்டனில் படிப்பித்த ஆள் நான் ஒருவன்தான். கடிதத்தை நான் நேரே கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், கேட்டவர் பார்க்கக் கூடாது. அது இந்த நாட்டு ஒழுங்கு. என்ன எழுதினீர்கள் என்று கேட்காமல் இருப்பது எங்கள் ஆட்களின் ஒழுங்கு.

முதலில் வந்தவன் கிறிஸ்துராஜா, மன்னார்ப் பெடியன். நல்ல கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். அவனுக்கு இடம் கிடைத்தது.

இரண்டு வருசத்துக்குப் பிறகு அவனை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறிக் கடை வாசலில் கண்டேன். நான் வேலை முடிந்து வந்திருந்தேன், சப்பாத்தெல்லாம் மாவு. அவன் ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"மாஸ்டர், இப்பவும் அந்த பேக்கரியிலயோ?"

"ஓம்."

"முதுகைக் கவனியுங்கோ மாஸ்டர். உங்கட வயசில பாரம் தூக்கக் கூடாது. நான் ஒரு எக்சசைஸ் சொல்லித் தாறன்."

அந்த வாசலிலேயே, கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து நிமிர்ந்து காட்டினான். சனம் பார்த்தது. நல்ல பெடியன், அன்பாகத்தான் சொன்னான். அந்த எக்சசைஸை இன்றும் செய்கிறேன், பலன் இருக்கிறது. பிறகு நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் எழுதினேன், ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அவர்களுடைய கெட்டித்தனம், ஒழுக்கம், நேரந்தவறாமை எல்லாம் உள்ளபடி எழுதினேன். கடைசிப் பந்தியில் ஒரு வசனம் சேர்த்தேன். இறுதிச் சோதனையில் வினாத்தாள் வெளியே போனது தொடர்பாக இவர்மீது இருந்த விசாரணை, நாட்டு நிலைமை காரணமாக, நான் அறிந்தவரை முடிவு பெறவில்லை.

அப்படி ஒரு விசாரணை நடந்ததா என்று கனகலிங்கம் கேட்டார். நடக்கவில்லை. நடக்காத விசாரணை முடிவு பெறவில்லை என்று எழுதினால் அதில் பொய் எங்கே இருக்கிறது என்று நான் அவரைக் கேட்டேன்.

ஏழு பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் வந்து சொல்லும்போது தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாலசுப்பிரமணியன் இரண்டு தரம் முயன்றுவிட்டு மினிகாப் டாக்சி ஓடப் போனான். கிரிஜா மாத்திரை விழுங்கினாள். காப்பாற்றிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "சேர், அடுத்த வருசத்துக்கும் ஒரு கடிதம் தருவீங்களோ?" என்று கேட்டாள். தருகிறேன் என்றேன். கொடுத்தேன்.

அந்த ஏழு பேரில் சிவகௌரி மூன்று வருசம் தொடர்ந்து வந்தாள். என் செய்முறை வகுப்பில் அவளுடைய கைதான் மிகச் சுத்தம். தவளையின் நரம்பு ஒன்றுகூட அறாமல் எடுப்பாள். அதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், பார்க்கலாம். இங்கே ஒரு ஆஸ்பத்திரி வார்டில் கிழடுகளைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்கு. பாரம் தூக்கி, மலம் அள்ளி, எட்டு வருசம். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. மனிசர் செய்கிற வேலைதான்.

இந்த வருசம் விண்ணப்பங்கள் பார்க்கும் கல்லூரிக் கந்தோரில் யாரோ ஒரு பெட்டை அவளுடைய சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பும்போது என் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். கவனயீனம். அந்தப் பிரதியோடு சிவகௌரி என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"சேர், இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம் பிள்ளை."

"வேற ஆரோ உங்கட பேரில எழுதிப் போட்டாங்களோ எண்டு நினைச்சன்."

"இல்லை. என்ர கையெழுத்துத்தான்."

"அப்ப நான் என்ன பிழை விட்டனான் சேர்? சொல்லுங்கோ. நான் ஏதும் மறந்துபோனனோ?"

இதைத்தான் நீங்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். அவள் என்னை ஏசவில்லை. தான் செய்த பிழையைத்தான் தேடினாள். எங்கள் பிள்ளைகளை அப்படி நாங்கள் வளர்த்திருக்கிறோம்.

"நீர் ஒரு பிழையும் விடேல்லை. தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டுப் போனாள். நேரே கனகலிங்கத்திடம் போயிருக்கிறாள். அவர் கல்லூரியோடு கதைத்து வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினார். கெட்டிக்காரர்.

புதன்கிழமை காலையில் அவர் மூன்று வரியை டைப் அடித்துக்கொண்டு வந்தார்.

"சேர், இதில ஒரு கையெழுத்துப் போட்டாக் காணும். நான் இப்பவே கொண்டுபோய்க் குடுத்திடுறன்."

"மற்ற ஆக்கள் எழுதினதில நான் கையெழுத்து வைக்கிறேல்லை, கனகலிங்கம். நானே எழுதித் தாறன்."

"நேரம் இல்லை சேர்."

"எனக்கு எழுதத் தெரியாது எண்டு சொல்லுறீரோ?"

அவருக்கும் தவளை கீறக் காட்டிக் கொடுத்தவன் நான். பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். பிடிவாதமாக நின்றிருந்தால் நான் கையெழுத்து வைத்திருக்கவும் கூடும்.

அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினேன். முதலில் உங்களுக்கு இந்த விபரம், அதற்குப் பிறகு கல்லூரிக்குக் கடிதம் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டேன். காரணம் தெரியாமல் ஒரு கடிதத்தைத் திரும்பப் பெறுவது சரியில்லை. வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொன்னேன். சூளையைப் பற்றிய பந்தியை நான்கு தரம் திருத்தினேன். வெள்ளிக்கிழமை டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எழுதும்போது நான் டெலிபோன் எடுப்பதில்லை.

மூன்று மணிபோல ஜன்னலால் பார்த்தேன். சிவகௌரி வெளியே நடைபாதையில் நின்றாள். வேலை உடுப்போடு, மேலே கோட். கடிதத்தைக் கையோடு வாங்கி, ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வந்திருக்கிறாள். ஒருதரம் கதவைத் தட்டினாள். "சேர், எழுதி முடிஞ்சுதோ?" என்று தபால் துவாரத்தால் கேட்டாள். "எழுதிக்கொண்டிருக்கிறன் பிள்ளை" என்றேன். "சரி சேர், ஆறுதலா எழுதுங்கோ, நான் நிக்கிறன்" என்றாள். பிறகு தட்டவில்லை. மழை தூறியது. நாலே முக்கால் வரை நின்றாள். அதற்குப் பிறகு பார்க்கும்போது இல்லை.

இன்று சனிக்கிழமை. கல்லூரிக்கான கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். விசாரணை என்று ஒன்று இருக்கவே இல்லை, நான்தான் உண்டாக்கினேன், ஏழு பேருக்கும் அதையே எழுதினேன் என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். அவளுடைய கையின் சுத்தத்தைப் பற்றி ஒரு முழுப் பந்தி இருக்கிறது. ஒரு சொல்லும் பிழை வராது, மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை முதல் தபாலில் சேர்க்கலாம்.

பிந்திவிட்டது என்று கனகலிங்கம் குறை சொல்லக்கூடும். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தோடு சம்பந்தப்பட்ட கடிதத்தை அவசரப்பட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.