மாப்பிள்ளைக்கும் ஒரு நாற்காலி

"மாப்பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போட்டுட்டாப் போச்சு" என்று பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளைஞர் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். மலாக்கா ஆஸ்பத்திரி வாசலில் ஏறியவர்கள் இருவரும். பக்கத்திலிருந்த பெரியவர், தொப்பி போட்டவர், ஒரு காலை நடைவழியில் நீட்டியிருந்தார்.

"துரையோட கார் மோதினப்ப, அசையாமக் கெடன்னு எல்லாரும் சொன்னீங்க. கெடந்தேன். இப்ப ஆஸ்பத்திரியில கட்டுப் போடற டிரஸர், எலும்பு கூடிடுச்சு, முட்டிதான் இறுகிப்போச்சு, தினமும் மடக்குங்கறாரு. மடக்கினா உயிர் போவுது."

"அதான் நாற்காலிங்கறேன், நானா" என்றார் இளைஞர், பெரியவரை அண்ணன் முறை வைத்து.

"ஊரே பாயில உட்காந்திருக்கும். பொண்ணைப் பெத்தவன் மட்டும் நாற்காலியிலயா? மாப்பிள்ளை கையைப் பிடிச்சு நான்தானே நிக்காஹ் செஞ்சு கொடுக்கணும்."

"அப்ப காலை நீட்டிக்கிட்டுப் பாயிலயே உட்காருங்க."

"மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேராவா நீட்டச் சொல்றே? பெருநாள் கழிஞ்சதும் நிக்காஹ். சம்மணம் போட்டு உட்காந்தே ஆகணும்."

இளைஞர் சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு மலாய் அம்மா மீன் கூடையோடு ஏறி, அந்தக் காலுக்கு முன்னால் நின்றார். நானா இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலை உள்ளே இழுத்தார். பாதி மடங்கியது. அந்த அம்மா கடந்து போனார்.

"இன்னும் நாலு மீன்காரம்மா ஏறினாப் போதும், நானா. பாயில உட்காந்துடலாம்."

"வாயை மூடுடா."

காஜா பேராங் நிறுத்தம் வரை வேறு யாரும் ஏறவில்லை. நானாவும் காலை நீட்டவில்லை.