இரண்டு சிப்பர்கள்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டிலிருந்த இளம்பெண் குழந்தைகளுக்கான சிப்பரில் தண்ணீர் குடித்தாள். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை.

"இன்னாடி, கொழந்த கப்புல குடிக்கிற?"

"என் பாப்பா தென்காசியில எங்க அக்காகிட்ட இருக்கால்லா. பால் பாட்டிலை விடவே மாட்டேன்னுட்டா. ஒரே மாதிரி ரெண்டு சிப்பர் வாங்கி, ஒண்ண அங்க அனுப்புனேன். ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்குப் போயி வீடியோ கால்ல நான் குடிப்பேன். அதப் பாத்து அவளும் குடிப்பா."

"இப்ப குடிக்குதா?"

"நல்லா குடிக்கா. இனிமே போன் வேண்டாம், அவளே குடிச்சுக்கிடுதான்னு அக்கா சொல்லிட்டா."

"அப்பொறம் இன்னாத்துக்கு இத்த தூக்கினு வர்ற?"

அவள் சிப்பரின் மூக்கைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"ரூம்ல வச்சா என்னையவே பாத்துக்கிட்டு இருக்குக்கா."