துருப் பிடிக்காத வண்டி

சிலம்பரசன்: துரு எங்கண்ணா?

டோமினிக்: இல்ல தம்பி.

சிலம்பரசன்: அதான் கேக்கறேன்... எங்க போச்சு? பதினாலு வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரு. உங்க ஷெட்டு மரக்காணம் உப்பளத்துக்குப் பின்னாடி நிக்குது. இங்க சைக்கிள் செயினே ஆறு மாசம் தாங்காது.

டோமினிக்: போன்ல திண்டிவனம்னு சொன்ன... எங்க ஊரு சைக்கிள் செயின் கத உனக்கு எப்படித் தெரியும்?

சிலம்பரசன்: சொல்லுவாங்க இல்ல...

டோமினிக்: சொல்லுவாங்க, சொல்லுவாங்க. வண்டி இங்க நிக்கலப்பா. கிளியனூர்ல என் தங்கச்சி வீட்ல இருந்துச்சு. விக்கறதுக்காக இப்பதான் கொண்டாந்தோம்.

சிலம்பரசன்: ஓஹோ... ஸ்பிரிங் மாத்தித் தாழ்த்தியிருக்கீங்க. சீட்டும் ரேஸ் சீட்டு. டர்போ எவன் மாட்டினது?

டோமினிக்: நான்தான். பாண்டியில ஒருத்தன்கிட்ட வெறும் கூடா வாங்கி, போல்ட்டு போல்ட்டாப் பிரிச்சுக் கட்டினேன். சைலன்சர மட்டும் மூணு தடவ வெட்டி வெல்டு வெச்சேன், சத்தம் சரியா வர்ற வரைக்கும்.

சிலம்பரசன்: சத்தத்துக்காகவா?

டோமினிக்: பின்ன? சத்தம் இல்லன்னா அது என்னா வண்டி.

மேரிசெல்வி: டீ எடுத்துக்கப்பா. சக்கர கம்மியா இருந்தா சொல்லு.

டோமினிக்: என் வீட்டுக்காரி, மேரிசெல்வி.

சிலம்பரசன்: வணக்கம் அண்ணி. அண்ணன் வண்டிய பளபளன்னு வெச்சிருக்காரு.

மேரிசெல்வி: அவரா? தினம் சாயங்காலம் நல்ல தண்ணி அடிச்சு அடியெல்லாம் கழுவறது நானு. அப்புறம் பழைய இன்ஜின் ஆயில் பூசறதும் நானு. வீட்ல குடிக்கத் தண்ணி இருக்கோ இல்லியோ, இதுக்கு ரெண்டு குடம் எடுத்து வெக்கணும். பத்து வருஷமா இதே...

டோமினிக்: செல்வி, உள்ள போ.

சிலம்பரசன்: கிளியனூருக்கு தினம் போயா அண்ணி கழுவினீங்க?

மேரிசெல்வி: ...கிளியனூரா?

டோமினிக்: உள்ள போன்னு சொன்னேன்.

சிலம்பரசன்: சரி, அத வுடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கண்ணா.

டோமினிக்: நீயே ஓட்டு. எனக்கு முட்டி வலி.

சிலம்பரசன்: பானட்டு தெறந்து காட்டறதுக்குக் கூட சேர வுட்டு எழுந்துக்கல. அப்ப இடுப்பு வலின்னீங்க.

டோமினிக்: ரெண்டும் இருக்குது.

சிலம்பரசன்: இருக்கட்டும். இன்சூரன்ஸ் பேப்பரக் குடுங்க... அண்ணா, இது கரெண்ட் பில்லு.

டோமினிக்: ...செல்வி, பேப்பர மாத்தி வெச்சுட்டியா?

மேரிசெல்வி: உங்க மடியிலதான இருக்குது, அடியில பாருங்க... இருங்க, நானே எடுத்துத் தரேன்.

சிலம்பரசன்: எனக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்களாமே. மூணு பேரையும் திருப்பி அனுப்பிட்டீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க.

டோமினிக்: டீக்கடையில வேற விசாரிச்சியா?

சிலம்பரசன்: விசாரிக்காம எப்படி? சொன்ன வெலைக்கே கேட்டாங்களாம். குடுக்கலியாம். அப்ப என்னமோ இருக்குதுன்னுதான அர்த்தம்...

மேரிசெல்வி: ஏம்பா, என்னா பண்ற? கதவு இடுக்குல விரல வுட்டு நாக்குல வெக்கற?

சிலம்பரசன்: சும்மா அண்ணி... தூசி...

டோமினிக்: நாக்குல வெச்சானா? செல்வி, வெச்சானா?

மேரிசெல்வி: வெச்சு சப்புக்கொட்டினான்.

டோமினிக்: திண்டிவனத்துக்காரன்னா காந்தம் கொண்டாருவான், பெயிண்ட்ட சொரண்டிப் பாப்பான். உப்பு ஏறியிருக்குதான்னு நக்கிப் பாக்கறவன் நம்ம கடக்கரை ஆளு மட்டுந்தான். உண்மையச் சொல்லு. எந்த ஊரு நீ?

சிலம்பரசன்: ...அனுமந்தை.

டோமினிக்: அப்புறம் எதுக்குடா திண்டிவனம்?

சிலம்பரசன்: நல்லாப் பாத்துக்கறவங்களுக்கு மட்டுந்தான் வண்டின்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்க. கடலுக்கு எதுருல நிறுத்துவேன்னு சொன்னா தருவீங்களா? அதான் ஊர மாத்திச் சொன்னேன். இந்த வண்டி மேல எனக்கு அவ்ளோ ஆசண்ணா. ஆனா நீங்க மட்டும் யோக்கியமா? கிளியனூரு தங்கச்சின்னு...

மேரிசெல்வி: இவருக்குத் தங்கச்சியே கெடையாது.

டோமினிக்: செல்வி...

சிலம்பரசன்: பாத்தீங்களா. எழுந்துக்க மாட்டேங்கறீங்க. ஸ்டியரிங்கத் தொட மாட்டேங்கறீங்க. மேகமா இருக்குது, கருப்புக் கண்ணாடியக் கழட்ட மாட்டேங்கறீங்க. நான் பேசறப்ப என் மூஞ்சியக் கூட பாக்கல. அண்ணா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க... இந்த வண்டியில எவனயாவது அடிச்சுப் போட்டுட்டீங்களா?

மேரிசெல்வி: ஐயோ, என்னா பேச்சுப்பா இது. என்னங்க, சொல்லிடுங்க. ஓட்டாம நின்னா இத உப்பு தின்னுடும்னு நீங்கதான சொல்றீங்க. என் கையும் வெடிச்சுப் போச்சு. எத்தன பேரத்தான் திருப்பி அனுப்புவீங்க?

டோமினிக்: இரு. ஒண்ணு கேட்டுக்கறேன். தம்பி, நீ என்னா வேல பாக்கற?

சிலம்பரசன்: போட் இன்ஜின் ரிப்பேரு. மரக்காணம் பஜார்ல கட.

டோமினிக்: அப்ப தினம் அனுமந்தையிலேர்ந்து இங்க வருவ.

சிலம்பரசன்: காலையில எட்டு மணிக்கு வருவேன். சாயங்காலம் திரும்பிப் போவேன். எதுக்குக் கேக்கறீங்க?

டோமினிக்: இந்த உப்பளத்த ஒட்டித்தான?

சிலம்பரசன்: வேற வழி ஏது? மொதல்ல நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. எவனயாவது...

டோமினிக்: எவனயும் அடிக்கலடா. முப்பது வருஷம் உப்பு வாருனதுல, அந்த வெள்ள வெளிச்சம் ரெண்டு கண்ணையும் தின்னுடுச்சு. நீ நிக்கிற பக்கம் ஒரு நெழலு மாதிரி தெரியுது, அவ்ளோதான். குருடன் வெச்சிருந்த வண்டின்னு தெரிஞ்சா அடிமாட்டு வெலைக்குக் கேப்பானுங்கன்னு மறச்சேன். வந்த மூணு பேரும் தூரத்து ஊரு... அவனுங்க எடுத்துட்டுப் போயிட்டா அதோட சத்தமும் போச்சு. நீ எடுத்துக்க. வெல கூட கொறச்சுக்கலாம். சைலன்சர மட்டும் மாத்திடாத. காலையில இந்த வளைவாண்ட வர்றப்ப மூணாவது கியர்லேர்ந்து ரெண்டுக்குப் போடு... நான் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பேன்.