முழங்கால் உயர மேடு

அந்தக் கழியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. பாதி அடித்த கழியை அப்படியே விட்டால் சாய்ந்துவிடும். கழி சாய்ந்தால் வேலி கெடும், வேலி கெட்டால் வரிசை கெடும். லிஃப்ட் திறப்பதற்குள் இதை நட்டாக வேண்டும்.

நீங்கள் பின்னால் வந்து தோளில் கை வைத்தபோது நான் ஓடவில்லை, பார்த்தீர்களா? சுத்தியலைக்கூடக் கீழே போடவில்லை. ஓடுவதற்கு நான் என்ன தப்பு செய்துவிட்டேன்? நோட்பர்காவின் குடிலைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். கழியிலிருந்து கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

என் பெயர் வெண்டலின். ஷ்டைன்மோஸ் மலையடிவாரத்தில் மந்தை மேய்ப்பது என் வேலை. ஆடுமாடு இல்லை, மனுஷ மந்தை. மேலிருந்து பனியில் சறுக்கி வருகிறவர்கள், மறுபடி மேலே போக, கம்பியில் ஆளைத் தூக்கிப்போகும் லிஃப்டுக்கு நிற்கிறவர்கள், காலில் பலகையை மாட்டிக்கொண்டு நிற்கவே தெரியாத முதல்நாள் வீரர்கள். இத்தனை பேரும் ஒருவர் மடியில் ஒருவர் விழாமல் போக வேண்டும். வேலி எங்கே, கயிறு எங்கே, பனி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. சாயங்காலம் லிஃப்ட் நின்றதும் இயந்திரத்தை எடுத்துப் பனியை வாரி, தள்ளி, சீவி விடுவேன். காலையில் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

இந்த வேலையில் ஒரு விஷயம் தெரிந்தால் போதும். சறுக்குகிறவன் மேடு ஏற மாட்டான். உச்சியிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்வான். அதே ஆள், முழங்கால் உயர மேடு குறுக்கே வந்தால், அதற்குப் பின்னால் சும்மா பீர் ஊற்றினாலும் போக மாட்டான். தரை சாய்ந்த பக்கம் போவான். போய்விட்டு, தானே யோசித்து முடிவெடுத்ததாக நினைத்துக்கொள்வான்.

நோட்பர்காவின் சாப்பாட்டுக் குடில் அடிவாரத்தின் இடப்பக்கம். அவள் அப்பா கட்டியது. பழைய லிஃப்டின் வரிசை அவள் சமையலறை ஜன்னலுக்கு நேராக வளைந்து போகும். வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை வரும். வரிசையில் நின்றவன் வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவான். ஈ மொய்ப்பது போலக் கூட்டம்.

அடுப்போரத்து மேசை மட்டும் ஊர்க்காரர்களுக்கு. மேலே அப்படிப் பொறித்த பித்தளைப் பலகை தொங்கும். கூரை இடிந்து விழுந்தாலும் வெளியூர்க்காரன் அதில் உட்காரக் கூடாது. மதியம் நான் அங்கேதான் உட்காருவேன். நோட்பர்கா க்னோடல் சூப்பை, அதுதான் ரொட்டி உருண்டை போட்ட சூப்பை, வைத்துவிட்டு, போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் நான் உள்ளே நுழைந்தால், என் மேசையில் ஒரு ஹாலந்துக் குடும்பம். குழந்தைகள் மேசைக்கு அடியிலும் இருந்தார்கள்.

"ஏம்ப்பா வெண்டலின், இன்னிக்கு ஒருநாள் அந்த ஓரமா நின்னுக்கிட்டே சாப்பிட்டுடேன். பச்சப் புள்ளைங்களோட வந்துட்டாங்க" என்றாள்.

"அப்போ அந்தப் பலகை?"

"ஏன், பலகை பசிக்குதுன்னு சொல்லிச்சா?"

குடிலே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்த வசந்தத்தில்தான் புது நாற்காலி லிஃப்ட் போட வரைபடக்காரர்கள் வந்தார்கள். அடித்தூணைக் குடிலுக்குப் பக்கத்தில் நடலாம், அல்லது வலப்பக்கம் தள்ளி நடலாம். எங்கள் முதலாளி குவிரின் பேச்சுக்காக என்னையும் கேட்டார். குடில் வாசலில் வரிசை நின்றால், மேலிருந்து வேகமாக வருகிறவன் நேராக வரிசைக்குள் பாய்வான் என்றேன். அது பொய்யில்லை. அப்படி நடக்கக்கூடியதுதான்.

"டேய், இவ்வளவு நாளா இந்த மூளைய எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார் குவிரின். "தொப்பிக்குள்ளயா?"

லிஃப்ட் வலப்பக்கம் போயிற்று. ஆனாலும் பசி எடுத்தவர்கள் இடப்பக்கம் சறுக்கி வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏனென்றால் இயற்கையாகவே தரை அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதனால் சாயங்காலம் பனியைச் சீவும்போது, இடப்பக்கம் ஒரு கை உயரம் கூட்டினேன். அடுத்த வாரம் இன்னொரு கை. கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும். காலோ யாரிடமும் போய்ச் சொல்லாது.

கூட்டம் மெல்ல மெல்ல வலப்பக்கம் வழிந்தது. யாரையும் தள்ளவில்லை, தடுக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

முதலில் அடுப்போர மேசை காலியாயிற்று. பிறகு ஜன்னலோர மேசைகள். ஒருநாள் மதியம் நான் மட்டும்தான் இருந்தேன். நோட்பர்கா சூப்பை வைத்தாள், போகவில்லை. எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி நான் சாப்பிடுவதையே பார்த்தாள். அவள் கண் பழுப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"உண்மையச் சொல்லு வெண்டலின். ஏன் யாரும் வர்றதில்ல? உப்பு கூடிருச்சா?"

சூப் எப்போதும் போல அருமையாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

"கொஞ்சம்" என்றேன்.

மறுநாள் உப்பைக் குறைத்துக் கொண்டுவந்து மறுபடி உட்கார்ந்தாள். "இப்ப?"

"உருண்டை கொஞ்சம் கெட்டி."

மறுநாள் உருண்டையை மாற்றினாள். அதற்கடுத்து வெங்காயத்தை. அப்புறம் அவள் அப்பா காலத்திலிருந்து கூட இருந்த சமையல்காரன் மிலானையே வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு மதியம் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "என் கைப்பக்குவம் போயிடுச்சுப்பா" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் கைக்குட்டை கொடுத்தேன். சலவை செய்தது.

அந்தக் குளிர்காலம் மாதிரி எனக்கு இன்னொன்று வாய்க்கவில்லை, அம்மா. நாங்கள் எவ்வளவு பேசினோம் தெரியுமா.

பனி உருகும் சமயத்தில் குடிலை விற்றாள். அந்த இரும்பு அடுப்பை வண்டியில் ஏற்ற ஊரில் ஒருத்தனும் வரவில்லை. நான்தான் போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

கோடையில் வாங்கியவரின் ஆள் நிலத்தை அளக்க வந்தான். புல்தரையில் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அவளிடமே கேட்டானாம்: "மழத்தண்ணி பூரா உங்க வாசலுக்குத்தாங்க ஓடுது. ஆளுங்க மட்டும் ஏன் அந்தாண்ட ஓடினாங்க?" அதைக் கேட்டுத்தானே அவள் உங்களிடம் வந்தாள்? நீங்கள் விசாரித்தபோது என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளே என்னிடம் சொன்னாள். "போய் வெண்டலினக் கேளுங்க. நல்ல மனுஷன். பனியப் பத்தி அவனுக்குத் தெரியாதது இல்ல."

அதனால்தான் ஆலோசனை கேட்கக் காலையிலேயே வந்தீர்கள். வந்த இடத்தில் கழியும் கையுமாக நான்.

ஆமாம், மேட்டை எழுப்பியது நான்தான். உப்பைப் பற்றிச் சொன்னதும் பொய்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உப்பு விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். மனசு கஷ்டப்படும்.

என்ன கேட்டீர்கள்? குடில்தான் பூட்டிக் கிடக்கிறதே, இன்று இந்த வலப்பக்கத்தில் எதற்குக் கழி அடிக்கிறேன் என்றா?

மூடுபனி கொஞ்சம் விலகட்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் தெரியும். லிஃப்ட் கம்பெனியின் பெரிய உணவகம். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து நோட்பர்கா அங்கேதான் பரிமாறுகிறாள். நான் திருப்பிவிட்ட கூட்டம் முழுக்க அங்கேதான் போய் இறங்குகிறது. நேற்று என் தட்டை வைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "தள்ளிக்கப்பா, பின்னால வரிச நிக்குது." முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவம், மூச்சு விட நேரமில்லை அவளுக்கு.

இந்த வேலியை இங்கே திருப்பி, பனியை ஒரு கை உயர்த்தினால் போதும். எல்லோரும் நேராகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் போய்ச் சாப்பிடட்டுமே.

கையை எடுக்காதீர்கள் அம்மா, இன்னும் ஒரே ஒரு அடிதான். அவளுக்கும் கொஞ்சம் உட்கார நேரம் கிடைக்க வேண்டாமா?